ரோமியோ - ஜூலியட் முதல் சந்திப்பு: மேடையில் நம்ப வைப்பது எப்படி?

கேள்வி:
ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ - ஜூலியட்' நாடகத்தின் முதல் அங்கம் 5ஆம் காட்சி ஒத்திகையில் இருக்கிறது. விருந்தில் பார்த்ததும் காதல், உடனே முத்தம். ரோமியோ அதுவரை ரோசலைன் என்ற பெண்ணுக்காக உருகிக்கொண்டிருந்தவன் வேறு! அரங்கில் சிரித்துவிடுவார்களோ என்று கவலை. ரோசலைன் பற்றிய பேச்சையும் ஜூலியட்டின் உறவினன் டைபால்ட் கோபப்படும் பகுதியையும் வெட்டலாமா?

பதில் 1:
வெட்டாதீர்கள், முக்கியமாக டைபால்டை. தூரத்தில் ஜூலியட்டைப் பார்த்து ரோமியோ பேசும் குரலை வைத்துத்தான் டைபால்ட் அவனைப் பகைக் குடும்பத்து ஆள் என்று அடையாளம் கண்டு, வாளை எடுத்துவரச் சொல்கிறான். ஜூலியட்டின் அப்பா காப்யுலெட் அதட்டி அடக்குகிறார். அவன் கறுவிக்கொண்டே வெளியேற, அடுத்த வரியிலேயே ரோமியோ அவள் கையைத் தொடுகிறான். மறுநாள் டைபால்ட் ரோமியோவின் நண்பன் மெர்குஷியோவைக் கொல்ல, ரோமியோ டைபால்டைக் கொல்கிறான். அந்த ஆபத்து மேடையில் தெரிந்தால் யாருக்கும் சிரிக்கத் தோன்றாது.

பதில் 2:
காதலை நம்ப வைப்பது பார்வை அல்ல, பேச்சு. இருவரும் பேசும் முதல் 14 வரிகள் சேர்ந்து ஒரு முழு சானெட் (14 வரிக் கவிதை வடிவம்). ரோமியோ 4, ஜூலியட் 4. பிறகு அவன் 1, அவள் 1, அவன் 2, அவள் 1, கடைசி வரி அவனுடையது. அவன் யாத்திரிகன், புனிதர் என்று உவமை எடுக்க, அவள் அதையே பிடித்து, உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்வதே யாத்திரிகர் முத்தம் என்று மடக்குகிறாள். ரோசலைன் மேடைக்கே வருவதில்லை. அவளைப் பற்றி ரோமியோ நண்பர்களிடம்தான் புலம்புகிறான். இங்கே பதில் சொல்ல ஒருத்தி இருக்கிறாள். இந்த வேறுபாடு தெரியத்தான் ரோசலைன் பேச்சு வேண்டும்.

வழக்கமாகக் கெடுவது இங்கேதான்: முதல் வரியிலேயே நடிகர்கள் உதட்டருகே போய்விடுகிறார்கள். முதல் வரியில் விரல் மட்டும் படட்டும், 8ஆம் வரியில் உள்ளங்கைகள் சேரட்டும், 14ஆம் வரி முடிந்த பிறகே முத்தம். ஒருவர் முடித்ததும் மற்றவர் இடைவெளி விடாமல் எடுக்க வேண்டும். நடுவில் பெருமூச்சு விட்டால் சானெட் உடைந்துவிடும்.

பதில் 3:
மேலே சொன்னதோடு இரண்டு. ரோமியோ முகமூடியோடு வந்தவன். எப்போது கழற்றுகிறான் என்று நாடகத்தில் குறிப்பில்லை. 13ஆம் வரிக்கு முன் கழற்றினால் ஜூலியட் முதலில் குரலில் மயங்கியதாக அமையும், எனக்கு அதுவே பிடிக்கும். அடுத்தது, முதல் முத்தத்துக்குப் பின் வரும் 4 வரிகள். அது இரண்டாவது சானெட்டின் தொடக்கம். ஜூலியட்டை வளர்த்த செவிலி வந்து அம்மா கூப்பிடுகிறார் என்று குறுக்கிடுவதால் அங்கேயே அறுந்துபோகிறது. பலர் இதை வெட்டுகிறார்கள், பெரிய இழப்பு. செவிலியிடம் கேட்ட பிறகுதான் இருவருக்கும் மற்றவர் யாரென்றே தெரிகிறது. ஜூலியட் நேரே அவனைப் பற்றிக் கேட்காமல் வேறு இருவரைப் பற்றி முதலில் விசாரிப்பாள். 14 வயதுகூட நிரம்பாத பெண் செவிலியிடமிருந்து மறைக்கும் முதல் ரகசியம் அது. அந்த மூன்று கேள்விகளையும் அவசரமில்லாமல் பேசச் சொல்லுங்கள்.