பொறியாளர் தாத்தாவைப் பற்றிய நினைவுகளைத் தொகுப்பது எப்படி?

கேள்வி:
எங்கள் தாத்தா பாலங்களை வடிவமைத்த பெயர்பெற்ற பொறியாளர். அவர் வகித்த பதவிகளும் பெற்ற விருதுகளும் ஏற்கெனவே அச்சில் இருப்பதால், பேரப்பிள்ளைகள் ஏழு பேரும் எங்களுக்குத் தெரிந்த தாத்தாவை மட்டும் எழுதிச் சிறு நூலாக்க எண்ணுகிறோம். ஆனால், ஸ்லைடு ரூலில் (நகரும் பட்டையுள்ள கணக்கிடும் அளவுகோலில்) பெருக்கக் கற்றுக்கொடுத்த ஒரே மாலைப்பொழுதை மூவர் மூன்று விதமாகச் சொல்கிறோம். எதை ஏற்பது? அவருடைய நீலநிற வரைபடச் சுருள்களையும் நூலில் சேர்க்கலாமா?

மறுமொழி 1:
மூன்றையும் அப்படியே விடுங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கும் முன்பே எல்லோரும் எழுதி முடித்துவிடுவது நல்லது. கலந்து பேசிவிட்டால், நன்றாகக் கதை சொல்லத் தெரிந்தவரின் நினைவே எல்லோருடைய நினைவாகவும் ஆகிவிடும்.

என் தாத்தாவும் பொறியாளர்தான். எந்தக் கணக்கைக் கேட்டாலும், "முதலில் உத்தேசமாக எவ்வளவு வரும், சொல்" என்பார். அதை வெறும் பிடிவாதம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். ஸ்லைடு ரூலில் 2.4, 24, 240 ஆகிய மூன்றுக்கும் ஒரே இடம்தான். தசமப் புள்ளி எங்கே விழும் என்பதை அது சொல்லாது, கணக்கிடுபவர்தான் மனத்தில் வைத்திருக்க வேண்டும். 1972-இல் எச்பி-35 போன்ற கையடக்கக் கணிப்பான்கள் வந்த பிறகு அந்தக் கருவி வழக்கொழிந்தது, ஆனால் தாத்தாவின் கேள்வி நிற்கவில்லை. ஆகவே அவர் அடிக்கடி சொன்ன சொற்களை எழுதும்போது, அவை எந்தக் கருவியிலிருந்து, எந்த வேலையிலிருந்து வந்தன என்றும் தேடிப் பாருங்கள்.

மறுமொழி 2:
நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள் இருந்தால், அவை 1842-இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த சயனோடைப் முறையில் எடுத்த நகல்களாக இருக்கலாம். வெளிச்சம் பட்டால் அவை வெளிறும். காரத்தன்மையுள்ள தாளில் சுற்றினாலும் நிறம் கெடும். படியெடுத்துக்கொண்டு மூலத்தை இருட்டில் வையுங்கள்.

இன்னொன்று: வரைபடத்தின் மூலையிலுள்ள கட்டத்தில் வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் எனத் தனித்தனியே குறித்திருப்பார்கள். அதைப் பார்க்காமல் எல்லாவற்றையும் தாத்தாவே வரைந்ததாக எழுதிவிடாதீர்கள். அவரே அதை விரும்பியிருக்க மாட்டார்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஆறு சுருள்களில் நான்கில் தாத்தாவின் சுருக்கொப்பம் 'சரிபார்த்தவர்' கட்டத்தில்தான் இருக்கிறது. அதன் கீழே, எங்கள் வீட்டுப்பாடக் கணக்குகளில் அவர் போடும் அதே சாய்ந்த கோடு.