பட்டியலில் இல்லாத எங்கள் கல்லூரி

காரிமங்கலம் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. தர்மபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.காம். படித்தேன். முடித்த கையோடு பெங்களூரில் ஒரு பெரிய நிதி நிறுவனத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தேன். கல்லூரியைப் பட்டியலில் தேர்ந்தெடுக்க வேண்டும். மேலும் கீழும் தேடியும் எங்கள் கல்லூரி இல்லை. 'மற்றவை' என்று போட்டு அனுப்பினேன். பதிலே வரவில்லை. அப்படிப் பதினோரு இடம்.

சரி, தேர்வாவது எழுதுவோம் என்று சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) பக்கம் வந்தேன். பி.காமில் 55 சதவீதம் இருந்தால் முதல் படியான ஃபவுண்டேஷன் தேர்வை எழுதாமல் நேராக அடுத்த படியான இன்டர்மீடியட் சேரலாம் என்பது எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. இன்றும் அது மனதை உறுத்துகிறது. கிருஷ்ணகிரியில் ஒரு ஆடிட்டரிடம் ஆர்ட்டிக்கிள்ஷிப், அதாவது சி.ஏ.வுக்கான கட்டாயப் பயிற்சி. அப்போது 3 ஆண்டு. 2023 ஜூலையிலிருந்து 2 ஆண்டுதான்.

காவேரிப்பட்டணம் பக்கத்து மாங்கூழ் ஆலைகளின் கணக்குதான் அங்கே அதிகம். வைகாசி, ஆனியில் கிளிமூக்கு மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும். ஆண்டு முழுவதும் விற்க வேண்டிய கூழுக்கான பழத்தை அந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் வாங்கி முடிக்க வேண்டும். பணம் திரும்பி வருவதோ மெதுவாக. நடுவில் கைகொடுப்பது வங்கியின் கேஷ் கிரெடிட், அதாவது சரக்கை ஈடாகக் காட்டி வேண்டும்போது எடுத்துக் கட்டும் கடன். குடோனில் கூழ் டிரம்களை எண்ணி, ஆலை வங்கிக்குக் கொடுக்கும் சரக்குக் கணக்கான ஸ்டாக் ஸ்டேட்மென்டோடு சரிபார்ப்பது என் வேலை. சரக்கு குறைந்தால் டிராயிங் பவர், அதாவது அந்தக் கடனில் எடுக்கக்கூடிய தொகை, குறையும். மாங்காய் போட்ட விவசாயிக்குப் பணம் தள்ளிப்போகும். வாசலில் அவர்கள் காத்திருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் எண்ணுவேன்.

சி.ஏ. முடித்ததும் சி.ஏ. இன்ஸ்டிடியூட் நடத்தும் கேம்பஸ் ஆள் தேர்வில், கடன் மதிப்பீட்டு வேலைக்கு நேர்காணல். ஒர்க்கிங் கேபிடல் சுழற்சியை, அதாவது தொழிலில் போட்ட பணம் சரக்காகி, விற்று, மறுபடி பணமாவதை விளக்கச் சொன்னார்கள். மாங்கூழ் ஆலையைச் சொன்னேன். மீதி நேரம் முழுக்க அதைப் பற்றித்தான் கேட்டார்கள். கல்லூரியைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. வேலை கிடைத்தது.

அரூரிலிருந்து ஒரு பதில்:
அண்ணா, நான் வங்கித் தேர்வு வழியாக வந்தவள். பொதுத்துறை வங்கி அதிகாரி வேலைக்கான ஐ.பி.பி.எஸ். பி.ஓ. தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும், வயது 20 முதல் 30. சில பிரிவினருக்குத் தளர்வும் உண்டு. நேர்காணலில் கல்லூரிப் பெயரைக் கேட்டார்கள், அதோடு விட்டுவிட்டார்கள். உங்கள் ஊரில் பயிர்க்கடன் எதற்கு வாங்குகிறார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. மரவள்ளி, கரும்பு என்று ஆரம்பித்தேன், பயம் போய்விட்டது.

ஓசூரிலிருந்து ஒரு பதில்:
இரண்டு பேருக்கும் வாழ்த்துகள். ஆனால் இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்தான் (நிறுவனங்களுக்குப் பணம் திரட்டவும், நிறுவனங்களை வாங்கி விற்கவும் உதவும் வேலை) வேண்டும் என்று வரும் பிள்ளைகளிடம் 'கல்லூரி முக்கியமில்லை' என்று சொல்லிவிடாதீர்கள். நான் பெங்களூரில் முதலீட்டு நிதிகளின் கணக்கைப் பார்க்கும் ஃபண்ட் அக்கவுன்டிங்கில் ஐந்து ஆண்டு இருந்தேன். டீல் பார்க்கும் குழுவுக்கு மாற்றச் சொல்லி மூன்று முறை கேட்டேன். அங்கே ஆள் எடுத்ததெல்லாம் ஐ.ஐ.எம். கேம்பஸிலிருந்துதான். என்னைவிட வேலை தெரியாதவர்களும் உள்ளே போனார்கள். அந்த வேலைதான் ஆசை என்றால் ஐ.ஐ.எம்.மில் சேர எழுதும் கேட் (CAT) தேர்வுக்கு இப்போதே தயாராகட்டும்.

காரிமங்கலம்:
நீங்கள் சொல்வது சரிதான் சார். என்னோடு படித்த ஒருவனும் அந்த வாசலில்தான் நின்றுவிட்டான். அடுத்த மாதம் எங்கள் கல்லூரியில் முதலாம் ஆண்டு மாணவர்களிடம் பேச அனுமதி கேட்டிருக்கிறேன். அந்த 55 சதவீத விஷயத்தைத்தான் முதலில் சொல்லப் போகிறேன். கேட் பற்றிச் சொல்ல நீங்களும் வர முடியுமா?