ஸ்காபரோவுக்கு வந்திறங்கிய திருமலைத் தங்கச்சிக்கு: ஆர்க்கிடெக் வேலை தேடுவது பற்றி

கேள்வி கேட்ட தங்கச்சி உப்புவெளி. மொறட்டுவையில் படித்து, திருகோணமலை டவுனில் இரண்டு வருடம் வேலை செய்து, போன மாதம் ஸ்காபரோவுக்கு வந்திருக்கிறார். நாற்பது இடத்துக்கு விண்ணப்பம் போட்டும் ஒரு பதிலும் இல்லையாம். திரும்பவும் முதலில் இருந்து படிக்கவேண்டுமா என்று கேட்கிறார்.

தங்கச்சி, நான் இப்போது ரொறன்ரோவிலிருந்து லீவில் வந்து திருமலையில்தான் நிற்கிறேன், மட்டிக்களியில் அம்மா வீட்டில். நேற்று இரவே எழுதத் தொடங்கினேன், கரண்ட் போய்விட்டது. அதனால் இன்றைக்கு.

முதல் வேலை. விண்ணப்பத்தில் உங்கள் பெயருக்குக் கீழே ஆர்க்கிடெக்ட் என்று இருந்தால் அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஒன்ராறியோவில் அந்தச் சொல்லுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. மாகாணக் கட்டடக் கலைஞர் சங்கமான ஓ.ஏ.ஏ.யிடம் உரிமம் பெற்றவர்தான் அப்படிப் போட்டுக்கொள்ளலாம். எனக்கு இது தெரியாது. முதல் நேர்முகம் முடிந்து கதவு வரை கூட வந்தவர்தான் மெதுவாகச் சொன்னார். பஸ்ஸில் வீடு வரும்வரை முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. (அம்மாவுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. அவருக்கு நான் இன்றைக்கும் எஞ்சினியர்தான்.)

திரும்பப் படிக்கவேண்டுமா என்றால், உடனே பதறிப்போய்ப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்காதீர்கள். சி.ஏ.சி.பி. என்ற சபை உங்கள் பட்டத்தைக் கனேடியத் தரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஏதும் குறைந்தால் எந்தப் பாடம் என்று அவர்களே சொல்வார்கள், அதை மட்டும் படித்து நிரப்பலாம். அது சரியானதும் ஓ.ஏ.ஏ.யில் இன்டர்ன் ஆர்க்கிடெக்டாகப் பதிந்து, 3,720 மணித்தியால அனுபவத்தைக் கணக்கு வைத்துக் காட்டவேண்டும். இடையில் எக்சாக் என்கிற பரீட்சை, நாலு பகுதி. எல்லாம் முடியச் சில வருடம் போகும். அதுவரை டிராஃப்டர், டிசைனர் என்று எந்தப் பெயரில் வேலை கிடைத்தாலும் போய்ச் சேருங்கள். ஆனால் மேலே இருப்பவர் உரிமம் பெற்ற ஆர்க்கிடெக்டா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். அவர் கையெழுத்து இல்லாவிட்டால் செய்த மணித்தியாலம் கணக்கில் ஏறாது. ஊரில் பிளான் கீறும் ஆட்டோகாட் மென்பொருளோடு காலம் தள்ளியிருந்தால், கட்டடத்தை முப்பரிமாணத்தில் கீறும் ரெவிட்டை இப்போதே பழகத் தொடங்குங்கள். அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

ஊரில் செய்த இரண்டு வருடமும் வீண் இல்லை. உங்களை மேற்பார்த்தவர் இலங்கையில் பதிவுபெற்ற கட்டடக் கலைஞர் என்றால், அந்த மணித்தியாலத்தில் ஒரு பகுதியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். அதற்கு எந்தத் திட்டம், என்ன வேலை, எத்தனை மணித்தியாலம் என்று பிரித்து எழுதிய கடிதம் வேண்டும். "நல்ல பிள்ளை, கடும் உழைப்பாளி" என்று நாலு வரி எழுதித் தருவார்கள். அதைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இதெல்லாம் விசாரித்தால் யாரும் சொல்வார்கள். எனக்கு யாரும் சொல்லாதது ஒன்று இருக்கிறது.

நேற்றுக் காலை பக்கத்து வளவில் யன்னல், கதவுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்துக்குக் கொங்கிறீற்று போட ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்கள். மேசன் அண்ணை ஒரு கரித்துண்டை எடுத்துப் பூசாத கல்லுச் சுவரில் கோடு இழுத்தார். "யன்னலுக்கு மேல வாற தட்டை இன்னும் ஆறு இஞ்சி நீட்டுவம் அக்கா, வாடைக்கு மழை உள்ளுக்கு அடிக்காது" என்றார். வீட்டுக்கார அக்கா தலையாட்டினார். முடிந்தது கதை. பிளானில் அந்தத் தட்டு இன்னும் பழைய நீளத்தில்தான் கிடக்கிறது, யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் மேசன் சொன்னது சரி. வாடைக்காற்றில் மழை எந்தப் பக்கத்தால் வரும் என்று அந்த பிளானைக் கீறியவரை விட அவருக்குத் தெரியும்.

நாங்கள் பழகியது இப்படித்தான். தாளில் பாதி, மிச்சம் மேசன் தலையில். ரொறன்ரோவில் நான் கீறிய முதல் யன்னல் செக்ஷனிலும் (வெட்டுமுகப் படம்) மிச்சத்தை அப்படியே விட்டேன். கட்டுகிறவரிடமிருந்து ஆர்.எஃப்.ஐ. என்கிற விளக்கம் கேட்கும் கடிதம் வந்தது, ஒரே யன்னலுக்குப் பதினொரு கேள்வி. தண்ணீர் எங்கே வடியும், தண்ணீரைத் தடுக்கும் மெம்பிரேன் எந்த இடத்தில் மடியும், திருகாணி எத்தனை அங்குலத்துக்கு ஒன்று. ஆள் என்னை வதைக்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, அந்த ஊரில் தாள்தான் ஒப்பந்தம். தாளில் இல்லாததை அவர் செய்தால் காசும் பொறுப்பும் அவர் தலையில்.

அதோடு, சுவரையே புதிதாகப் பழகவேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நாங்கள் சூட்டை வெளியே தள்ளப் பார்ப்போம். அங்கே சூட்டை உள்ளே பிடித்து வைக்கவேண்டும். சமையல், குளிப்பு, மூச்சு என்று வீட்டுக்குள் உண்டாகும் ஈரம் சுவருக்குள் புகுந்து குளிர்ந்த இடத்தில் பட்டால் தண்ணீராகிப் பூஞ்சணம் பிடிக்கும். அதனால்தான் பொலித்தீன் தாளை இன்சுலேஷனுக்கு உள்பக்கமாக, சூடான பக்கத்தில் போடுகிறார்கள். கொழும்பில் ஏசி போட்ட கட்டடத்தில் நேர்மாறு, ஈரம் வெளியிலிருந்து உள்ளே வரும். இந்த ஒன்றை வாயால் விளக்கத் தெரிந்தால் நேர்முகத்தில் உங்களை வேறு மாதிரிப் பார்ப்பார்கள்.

ஊர் அனுபவத்தை ஒளிக்கவும் வேண்டாம். திருமலை டச்பே கடற்கரைப் பக்கம் கடலுப்பு கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பியைத் தின்று, தூண் வெடித்து, கொங்கிறீற்று உதிர்வதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ரொறன்ரோவில் பனிக்கு வீதியில் கொட்டும் உப்பு, கார்ச் சில்லில் ஒட்டிக்கொண்டு மாடிப் பார்க்கிங்குக்குள் வந்து அங்குள்ள கம்பியைத் தின்கிறது. இரண்டும் உப்பில் இருக்கும் ஒரே குளோரைட்டின் வேலை. எனக்கு முதல் வேலை கிடைத்தது இந்தப் பேச்சில்தான்.

இனி மாமாமார் விஷயம். இன்னும் ஒரு மாதத்தில் யாராவது "பிள்ளை, பேஸ்மென்ட்டை வாடகைக்கு விடப்போறன், ஒரு பிளான் கீறித் தாவன்" என்று கேட்பார். கீறாதீர்கள். சின்ன வீட்டு வேலைக்கு அங்கே ஆர்க்கிடெக்ட் கட்டாயமில்லை, அது உண்மை. ஆனால் மற்றவர் வீட்டுக்கு வடிவமைத்துக் கொடுக்க, மாகாணப் பரீட்சை எழுதி பி.சி.ஐ.என். என்ற வடிவமைப்பாளர் பதிவு இலக்கம் எடுக்கவேண்டும், காப்புறுதியும் வேண்டும். அந்த இலக்கத்தை எடுப்பது நல்ல யோசனை. பரீட்சைக்குப் படிக்கும்போதே கட்டட விதிகள் கைக்கு வந்துவிடும். உதாரணத்துக்குப் படுக்கையறை யன்னல். நெருப்பென்றால் ஆள் வெளியேற, திறந்த இடைவெளி 0.35 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, எந்தப் பக்கமும் 380 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மாமாவின் பேஸ்மென்ட்டுக்குப் போனால் முதலில் அதை அளந்து பாருங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

தங்கள் நாட்டில் எப்படி என்று கீழே கேட்ட இருவருக்கும்: லண்டன் தம்பி, அங்கேயும் பட்டப்பெயர் சட்டத்துக்குள்தான், பதிவு செய்வது ஏ.ஆர்.பி. என்ற சபை. ரீபா என்ற கட்டடக் கலைஞர் அமைப்பின் உறுப்புரிமை வேறு, அதை மட்டும் வைத்துக்கொண்டு ஆர்க்கிடெக்ட் என்று போட முடியாது. மெல்பேண் அக்கா, உங்கள் மகனின் பட்டத்தை மதிப்பிடுவது ஏ.ஏ.சி.ஏ. என்ற அமைப்பு. அதற்குப் பிறகு 3,300 மணித்தியாலம், எழுத்துப் பரீட்சை, நேர்முகம் என்று போகும். பதிவு மாநிலச் சபையில்.

தங்கச்சி, கடைசியாக ஒன்று. வெள்ளிக்கிழமை நான் டவுனுக்குப் போகிறேன், உங்கள் பழைய ஆபீசுக்கும் போவேன். நான் சொன்ன மாதிரி மணித்தியாலத்தைப் பிரித்து ஒரு கடிதத்தை நீங்களே அடித்து வியாழனுக்கு முன் அனுப்பினால், பிரிண்ட் எடுத்துக் கையெழுத்து வாங்கி வருகிறேன். சனி இரவு எனக்குக் கொழும்பு பஸ், பிறகு என்னால் முடியாது.