‘கிளியரன்ஸ்’ – தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

சிங்காநல்லூர் – திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் கலைச்சொல் குழுவில் பல வருடமாக வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. இப்போது அவசரம்.

கட்டடங்களில் கண்ணாடி துடைக்கப் போகிற பையன்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறேன். கடைவீதியில் மூன்று மாடி, நான்கு மாடித் துணிக்கடைகள். முகப்பு பூராவும் கண்ணாடி. ஏணி சாத்த இடம் இருக்காது. அதனால் நீட்டி மடக்குகிற அலுமினியக் கழி, முழுக்க இழுத்தால் 24 அடி. நுனியில் பிரஷ், கூடவே தண்ணீர்க் குழாய். கடைக்கு எதிரில் 11 கே.வி. (11,000 வோல்ட்) மின்கம்பி ஓடுகிறது. மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

இவர்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள ஓர் அட்டை அச்சடிக்கிறோம். எல்லாவற்றுக்கும் தமிழ் போட்டுவிட்டேன். ‘கிளியரன்ஸ்’ மட்டும் உதைக்கிறது. கம்பியைச் சுற்றி, கழியின் எந்தப் பாகமும் நுழையக் கூடாத அந்த அளவு. ‘அப்படியே போடேன்’ என்பீர்கள். போன மாதம் வரை அப்படித்தான் வைத்திருந்தேன். ஒருநாள் இரண்டாம் மாடியில் ஒரு பையன் கழியைக் கம்பிப் பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றான். “கிளியரன்ஸ் இருக்கா தம்பி?” என்று கீழேயிருந்து கத்தினேன். “வாங்கியாச்சு சார்!” என்றான். அவனுக்குக் கிளியரன்ஸ் என்றால் மேனேஜர் தருகிற அனுமதி. எனக்குக் கை நடுக்கம் நிற்க அரைமணி ஆயிற்று.

வெள்ளி மாலை அச்சகம். உதவுங்கள்.

ஈரோடு – திங்கள் இரவு

தம்பி, அவன்மேல் தப்பே இல்லை. ஈ.பி.யில் இருந்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், எங்களுக்கும் கிளியர் என்றால் எல்.சி.தான். லைன் கிளியர். மின்சாரத்தை நிறுத்தி, எர்த் போட்டு, எழுத்தில் கையில் வாங்கினால்தான் கம்பத்தில் கால் வைப்போம். ‘கிளியரன்ஸ் உண்டு’ என்று அட்டையில் படித்தவன் ‘லைன் ஆஃப்’ என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? முதலில் அந்தச் சொல்லைத் தூக்குங்கள். ‘பாதுகாப்பு இடைவெளி’ என்று போட்டு வேலையைப் பாருங்கள். 2020-இல் ‘சமூக இடைவெளி’ வந்த பிறகு இடைவெளி தெரியாதவர் யார்?

மயிலாடுதுறை – செவ்வாய் விடியற்காலை

அன்புடையீர், ‘இடைவெளி’ என்பது இரு பொருள்களுக்கு நடுவே இருப்பதை மட்டுமே சுட்டும். அதனுள் புகக் கூடாது என்னும் விலக்கை அது சுட்டாது. பல்லுக்கும் பல்லுக்கும் இடையே உள்ளதும் இடைவெளிதான். பயிற்சியாளர் கேட்பது ஓர் ஆணையை உள்ளடக்கிய சொல்.

ஆகவே ‘விலக்கெல்லை’. விலக்கு + எல்லை. குற்றியலுகரம் கெட்டு உயிரேறிற்று. இதன் வேர் ஆழமானது. விலகு, விலக்கு, விலங்கு மூன்றும் ஓரினம். விலங்கு என்பதன் பழம்பொருள் குறுக்காதல். குறுக்கே கிடப்பதால் மலைக்கு ‘விலங்கல்’ என்று பெயர். நம்மைப்போல் நிமிராமல் உடல் குறுக்காக நடப்பதால் ஆடுமாடு முதலியனவும் விலங்கு. கைகாலுக்குக் குறுக்கே பூட்டுவதும் விலங்கு. ஆற்றில் குறுக்கே நிற்கும் மணல்திட்டுக்கும் இவ்வேரிலிருந்து ஒரு சொல்லை என்னால் காட்ட முடியும். ஆனால் அது அட்டைக்கு வேண்டா.

நாகர்கோவில் – செவ்வாய் காலை

ஐயா, மணல்திட்டை விட்டதற்கு நன்றி.

தென்மாவட்டத்துக்காரனிடம் ‘விலக்கு’ என்று சொல்லிப் பாருங்கள். பஸ் நிற்கிற இடம் என்பான். பெரிய ரோட்டிலிருந்து ஊருக்குள் பாதை பிரிகிற முக்குதான் எங்களுக்கு விலக்கு. இது போக வரிவிலக்கு, மதுவிலக்கு, வீட்டுவிலக்கு. ‘விலக்கெல்லை’ என்றால் ‘இங்கே நமக்கு விலக்கு உண்டு, போகலாம்’ என்று ஒருவன் படிக்கவும் வழி இருக்கிறது. அவன் கையில் 24 அடி அலுமினியம் இருக்கிறது.

இன்னொன்று. அந்தக் கழிக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்? எங்கள் பக்கம் மாங்காய் பறிக்கிற நீளக் கம்பைத் தோட்டி என்போம். அப்படிப் போட்டால் பையன்களுக்கு உடனே பிடிபடும். முருங்கைக்காய் பறிக்கப் போய்க் கம்பியில் பட்ட கதை தெரியாத ஊர் உண்டா?

மயிலாடுதுறை – செவ்வாய் காலை

‘உரனென்னும் தோட்டியான் ஓரைந்தும் காப்பான்’. குறளில் தோட்டி அங்குசம். அருமையான பழஞ்சொல்! வரவேற்கிறேன்.

மதுரை – செவ்வாய் மதியம்

இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். தோட்டி என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் யாரைப் பார்த்துச் சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள் என்று மறந்துவிட்டதா? துப்புரவு வேலை பார்க்கிற பையன்கள் கையில் கொடுக்கிற அட்டை இது. குறளில் இருந்தாலும் சரி, வேண்டாம். ‘தொரட்டி’ போடுங்கள், அல்லது அவர்கள் சொல்கிறபடி ‘ராடு’ என்றே போடுங்கள்.

அட்டையில் வேறெங்கும் ‘மின்தடை’ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் இயற்பியல் ஆசிரியை. பாடப்புத்தகத்தில் மின்தடை என்றால் ‘ரெசிஸ்டன்ஸ்’, ஓம் அலகில் போடுகிற கணக்கு. செய்தித்தாளில் மின்தடை என்றால் நாளைக் காலை 9 முதல் 5 வரை கரண்ட் இல்லை. ஒரே சொல்லில் வகுப்பறையும் வீடும் முட்டிக்கொள்வதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். ‘மின்சாரம் நிறுத்தப்பட்டது’ என்று நீட்டியே எழுதுங்கள்.

பெங்களூரு – செவ்வாய் இரவு

நான் மென்பொருள் மொழிபெயர்ப்பு செய்பவன். எனக்குத் தோன்றியது: தீண்டாவெளி. கேட்டவுடன் புரிகிறது.

மதுரை – செவ்வாய் இரவு

தோட்டிக்குச் சொன்னதுதான் இதற்கும். இன்னும் அழுத்தமாக.

பெங்களூரு – செவ்வாய் இரவு

மன்னிக்கவும் அக்கா, யோசிக்காமல் போட்டுவிட்டேன். ‘அண்டாவெளி’? அண்டாத வெளி, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். யாரும் கிட்டே அண்டக் கூடாது.

நாகர்கோவில் – புதன் காலை

ஒரு துணைக்கால் உதிர்ந்தால் அண்டவெளி. அச்சகத்துக்காரர் ராக்கெட் படம் போட்டுக் கொடுப்பார். துணைக்கால் நின்றாலோ பிரியாணி அண்டா.

ஈரோடு – புதன் மதியம்

சொல் சண்டை நடக்கட்டும். சொல்லுக்குள் இருக்கிற பொருளைச் சரியாகப் புரிந்துகொண்டோமா என்று எனக்குச் சந்தேகம். அதனால் நீளமாக எழுதுகிறேன்.

யாரோ எனக்குத் தனிமடலில் ‘மின்தாவல்’ என்று ஒரு சொல் அனுப்பி, கம்பி ஆளைத் தாவிப் பிடிக்கும் என்று அட்டையில் போடச் சொன்னார். தாவும், மறுக்கவில்லை. ஆனால் உலர்ந்த காற்றை உடைக்க ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 30 கிலோவோல்ட் வேண்டும். 11 கே.வி. கம்பி மீட்டர் கணக்கில் பாய்ந்து வராது. மிகமிகக் கிட்டே போனால்தான். 230, 400 கே.வி. கோபுர லைன் வேறு கதை. கடைவீதியில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் தாவல் இல்லை, தொடல். 24 அடிக் கழியின் நுனி கம்பிக்கு ஓரடியில் இருக்கிறதா நாலடியில் இருக்கிறதா என்று கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவனால் சொல்லவே முடியாது. பின்னணியில் வானம் மட்டும் இருந்தால் கண் ஏமாறும். காற்றில் கம்பி ஆடும், வெயிலில் தொய்யும். கழியும் நீட்ட நீட்ட வளையும்.

அடுத்தது, 1.2 மீட்டர். யாராவது அந்த எண்ணை அட்டையில் போடச் சொல்வார்கள், முந்திக்கொண்டு சொல்கிறேன், போடாதீர்கள். 1956-ஆம் ஆண்டு மின்சார விதிகளில் 11 கே.வி. கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே செங்குத்தாக 3.7 மீட்டர் என்று இருந்தது. 11-ஐத் தாண்டி 33 வரைக்கும் பக்கவாட்டில் 2 மீட்டர். 2010 ஒழுங்குமுறையிலும் இதே அளவுகள். அதெல்லாம் சுவருக்குச் சொன்ன கணக்கு. சுவர் நகராது, கழி நகரும். சட்டப்படி சரியாகக் கட்டிய கடையின் ஜன்னலில் நின்று 24 அடிக் கழியை நீட்டினால் தெருவின் எதிர்ச்சாரி வரைக்கும் துழாவலாம்.

நான் வகுப்பில் சொல்கிற கணக்கு ஒன்றே ஒன்று. கழியை முழுக்க நீட்டி, எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் கம்பியில் படக் கூடாது. அதற்குமேல் கொஞ்சம் விட்டு நில். அப்படி நிற்க இடமில்லையா? எல்.சி. வாங்காமல் வேலை இல்லை.

பிளாஸ்டிக் மாதிரித் தெரிகிற கருப்புக் கழியையும் நம்ப வேண்டாம். கார்பன் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தும். கண்ணாடியிழைக் கழி உலர்ந்திருந்தால் பரவாயில்லை. தண்ணீர் வழிகிற கழி எப்போது உலர்ந்திருக்கிறது?

பருத்தித்துறை (இப்ப ரொறன்ரோ) – புதன் இரவு

ஈரோட்டு ஐயா எழுதினதை வாசிச்ச பிறகுதான் எனக்குப் பிரச்சினை விளங்கினது. நீங்கள் எல்லாரும் கம்பியைச் சுத்தி ஒரு வேலி போடுறதுக்குச் சொல் தேடுறியள். ஆனால் அவர் சொல்லுற அளவு கம்பியில இருந்து தொடங்கேல்லை, ஆளின்ரை கையில இருக்கிற தடியில இருந்து தொடங்குது. தடி நீண்டால் அளவும் நீளும்.

எங்கட வீட்டில மாங்காய் ஆயிறதுக்குக் கொக்கத்தடி இருந்தது. அம்மம்மா சொல்லுறது, “எட்டாத் தூரத்தில நிண்டு ஆயாதை”. அவ சொன்னது மாங்காயை. இங்கே கம்பிக்கு அதையே திருப்பிப் போடலாம்: ‘எட்டாத் தூரம்’. தடி கம்பிக்கு எட்டாத தூரம். இதுக்கு விளக்கமே தேவையில்லை.

எங்கட பாடப்புத்தகத்தில இன்சுலேட்டருக்கு, அதாவது மின்சாரம் கடத்தாத பொருளுக்கு, ‘காவலி’ எண்டு படிச்சனாங்கள். ‘காவலிட்ட கம்பி’, ‘காவலிடாத கம்பி’ எண்டு அட்டையில எழுதினால் வடிவாயிருக்கும். உங்களுக்கு அந்தச் சொல் பழக்கமோ தெரியாது.

நாகர்கோவில் – வியாழன் காலை

காவலி! இத்தனை வருடமாக ‘மின்காப்பு’ என்று காய்ச்சல்காரன் மாதிரி முனகிக்கொண்டிருந்தோம். எட்டாத் தூரத்துக்கு என் வாக்கு.

ஈரோடு – வியாழன் காலை

எனதும். கணக்கோடு ஒட்டி நிற்கிறது.

மயிலாடுதுறை – வியாழன் காலை

கருத்து உயர்ந்தது, உடன்படுகிறேன். ஆனால் ‘தூரம்’ வடசொல். ‘எட்டாத் தொலைவு’ என்க. 1916-இல் சேலத்தில் இராஜாஜி முதலானோர் அறிவியற் சொற்களுக்கென்று சங்கம் தொடங்கிய நாள்முதல் இப்பூசல் நடக்கிறது. நூறாண்டு கடந்தும் ஒரு ‘தூர’த்தை நாம் தாண்டவில்லை.

மதுரை – வியாழன் மதியம்

தொலைவு என்றால் பையனுக்குச் சென்னை ஞாபகம் வரும். தூரம் என்றால் கால் தானாகப் பின்னால் போகும். ‘தம்குறிப்பினவே திசைச்சொற் கிளவி’ என்று தொல்காப்பியர் தெருச்சொல்லுக்கு இடம் விட்டாரே. வடசொல்லுக்கும் எழுத்தை மாற்றி உள்ளே விட்டாரே. தூரத்துக்கு மட்டும் ஏன் கதவடைப்பு?

பெங்களூரு – வியாழன் மதியம்

எட்டாத் தூரம் +1. (அண்டாவெளியை என் வலைப்பூவில் பயன்படுத்திக்கொள்கிறேன்.)

சிங்காநல்லூர் – வெள்ளி மதியம்

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை வகுப்பில் சொற்களைப் பலகையில் எழுதிப் படிக்கவிட்டேன். மொத்தம் பதினொரு பேர்.

விலக்கெல்லை: நாலு பேர் ‘கம்பம் நடுகிற எல்லைக்கல்’ என்றார்கள். பாதுகாப்பு இடைவெளி: எல்லோருக்கும் புரிந்தது, எவ்வளவு என்று கேட்டால் ‘ஒரு முழம்’, ‘ஒரு அடி’ என்று ஆளுக்கொன்று. எட்டாத் தூரம்: ஏழு பேர் டக்கென்று பிடித்தார்கள். சரி, இதுதான் என்று நினைக்கும்போது பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்: “எட்டு அடி தூரமா சார்?”

பக்கத்தில் இருந்தவனும் தலையாட்டினான். 24 அடிக் கழியோடு எட்டு அடியில் நிற்பான்.

அச்சகத்தில் இருந்துதான் எழுதுகிறேன். கலைச்சொல்லே போடவில்லை. கழி சாய்ந்து விழுகிற மாதிரி ஒரு படம், கீழே ஒரே வரி: ‘கழி விழுந்தாலும் கம்பியில் படாத தூரத்தில் நில். இடம் இல்லையென்றால் வேலையை நிறுத்து.’ பின்பக்கம் ‘காவலிடாத கம்பி’ சேர்த்திருக்கிறேன். ‘காவல் இல்லாத கம்பியா, அப்ப வாட்ச்மேன் வேணுமா’ என்று ஒருத்தன் சிரித்தான், ஆனால் புரிந்துகொண்டான்.

மயிலாடுதுறை – வெள்ளி மாலை

வரி நன்று. எனினும் வாக்கியம் கலைச்சொல் ஆகாது. நாளை பாடநூல் எழுதுகிறவர் தலைப்பில் எதை இடுவார்? குழுவின் கோப்பில் ‘விலக்கெல்லை’ எனப் பதிந்து, என் மாறுபாட்டையும் குறிக்க வேண்டுகிறேன். ‘எட்டாத் தூரம்’ பெரும்பான்மை என்பதையும் குறிக்கலாம், எட்டு அடி என்னும் எச்சரிக்கையோடு.

ஈரோடு – வெள்ளி இரவு

குறித்தாயிற்று. லைன் கிளியருக்கு இன்னும் தமிழ் இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. தயவுசெய்து அதைத் தனி இழையில் தொடங்குங்கள், திங்கட்கிழமைக்கு அப்புறம்.