டி.என்.ஏ.வைச் சிதைக்கும் வேதிப்பொருளுக்குச் சொல்: ‘மரபணு நஞ்சு’ பொருந்துமா?

> மார்த்தாண்டம் நண்பர் எழுதியது: ஜீனோடாக்சின் என்பதற்கு ‘மரபணு நஞ்சு’ என்றே வைத்துவிடலாம். பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

வணக்கம் சார்,

விளங்கும். ஆனால் தப்பாக விளங்கிவிடுமோ என்பதுதான் என் கவலை. நாகர்கோவிலில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குக் கீமோ (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) எடுத்தவர்களின் வீட்டார் வருவார்கள். ரிப்போர்ட்டில் விரலை வைத்து, “அணு கொறஞ்சு போச்சுன்னு சொல்லுகாங்களே, எல்லா அணுவுமா?” என்பார்கள். அணு என்று அவர்கள் சொல்வது ரத்த செல்லை. மிகச் சரியான கேள்வி. நாம் வைக்கும் சொல் அந்தக் கேள்வியை அடைத்துவிடக் கூடாது. நஞ்சு என்றாலோ, பட்ட செல்லெல்லாம் சாகும் என்று ஆகிவிடுகிறது.

மோனோசைட் என்ற வெள்ளை ரத்த செல்லைப் பாருங்கள். டெமோசோலமைடு போன்ற புற்றுநோய் மருந்துகள் டி.என்.ஏ.வின் எழுத்துகளான காரங்களில் (பேஸ்) மெத்தில் என்ற சிறு வேதித்தொகுதியை ஏற்றுகின்றன. செல் அந்தக் காரத்தை வெட்டி எடுத்து, இடைவெளியை நிரப்பி, இழையை மறுபடி ஒட்ட வேண்டும். மோனோசைட்டுக்கு வெட்டத் தெரியும், ஒட்டத் தெரியாது. ஒட்டுவதற்கு வேண்டிய எக்ஸ்.ஆர்.சி.சி.1, பார்ப்-1, லிகேஸ் 3 ஆகிய புரதங்கள் அதில் இல்லை. அறுந்த இழைகள் சேர்ந்து சேர்ந்து செல் செத்துப்போகிறது. அதே மோனோசைட் மேக்ரோபேஜ், டென்ட்ரைட்டிக் செல் என்ற நோயெதிர்ப்பு செல்களில் ஒன்றாக முதிர்ந்தால் அந்தப் புரதங்கள் திரும்பத் தோன்றுகின்றன; அதே மருந்தைத் தாங்கி நிற்கிறது. ஜெர்மனியின் மைன்ஸ் நகர ஆய்வாளர்கள் 2007இலும் 2011இலும் வெளியிட்ட கட்டுரைகளில் இது விரிவாக இருக்கிறது. மருந்து மாறவில்லை, செல்தான் மாறியது.

இன்னொரு வெள்ளை ரத்த செல்லான நியூட்ரோபில்லின் கதை வேறு. கீமோவுக்குப் பின் அது குறைவதற்குப் பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையில் வேகமாகப் பிரியும் முன்னோடி செல்கள் அடிபடுவதே காரணம்.

டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்களுக்குள்ளேயே பிரிவினை உண்டு. மஜ்ஜை மாற்று சிகிச்சையில், மாற்றியபின் 3ஆம், 4ஆம் நாளில், டி.என்.ஏ.வைச் சிதைக்கும் இன்னொரு மருந்தான சைக்ளோபாஸ்பமைடு கொடுக்கும் முறை இருக்கிறது. நோயாளியின் உடலை அந்நியமாகக் கண்டு பெருகத் தொடங்கிய, கொடையாளரின் டி செல்கள் அதில் பெரிதும் அடிபடுகின்றன. எதிர்ப்பை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களும், ரத்த செல்களை உண்டாக்கும் தண்டு செல்களும் (ஸ்டெம் செல்) ஆல்டிஹைடு டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதியால் மருந்தை முறித்துப் பிழைக்கின்றன. மருத்துவர்கள் இந்த வேறுபாட்டை நம்பித்தான் மருந்தையே கொடுக்கிறார்கள்!

‘மரபணு’வும் இடிக்கிறது. மரபணு என்பது டி.என்.ஏ.வில் ஒரு பகுதி. சேதம் எங்கு வேண்டுமானாலும் விழும்.

ஆகவே என் பரிந்துரை: டி.என்.ஏ. ஊறுபொருள். ஊறு நேர்ந்ததைச் சொல்கிறது, செல் செத்ததா பிழைத்ததா என்பதைச் சொல்லவில்லை.

> குளச்சல் நண்பர்: ‘ஊறு’ என்றால் ஊறுகாய் அல்லவா நினைவுக்கு வரும்?

இடையூறு என்று தினமும் எழுதுகிறோமே, அண்ணாச்சி. நம்ம பக்கத்தில் பிள்ளைக்குக் கண்ணூறு கழிக்காத வீடு உண்டா? அந்த ஊறுதான் இது.

கூடவே இன்னொரு சொல்லும் வேண்டும். செல் தன் டி.என்.ஏ.வைச் சரிசெய்துகொள்ளும் ஆற்றலுக்குச் செப்பத்திறன் என்று வைக்கலாமா? ‘பழுதுபார்ப்புத் திறன்’ நீளமாக இருக்கிறது, பட்டறை வாசமும் அடிக்கிறது. “ஒரே ஊறுபொருளுக்கு மோனோசைட் மடிகிறது, செப்பத்திறன் கூடிய மேக்ரோபேஜ் பிழைக்கிறது” என்று பாடப் புத்தகத்தில் வந்தால் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை தடுமாறாது.

டெமோசோலமைடு போல டி.என்.ஏ.வில் மெத்தில் முதலிய ஆல்கைல் தொகுதிகளை ஏற்றும் ஆல்கைலேட்டிங் ஏஜென்ட்டுக்கு ‘ஆல்கைலேற்றி’ எனக்குச் சம்மதம். தக்கலை டீச்சர் வகுப்பில் ஊறுபொருள், செப்பத்திறன் என்ற இரண்டு சொல்லையும் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினால் நல்லது.