தனுஷ்கோடி, அரியமான், காரங்காடு: கட்டுச்சோறும் தூண்டிலுமாகப் போனவர்கள் சொல்லுங்க

பரமக்குடிக்காரன்:
கோதண்டராமர் கோயில் தாண்டி, ரோட்டை விட்டு இறங்கி, அலை குறைந்த பெண் கடல் பக்கமாக மணலில் வெகுதூரம் நடந்துபோனோம். புளிச்சோறு முடிந்ததும் மச்சான் முட்டளவுத் தண்ணீரில் நின்று தூண்டில் போட்டார். கிழங்கான் மீன் வரும் என்று பார்த்தால், வந்தது பேத்தை மீன். கரைக்கு இழுத்ததும் பந்து மாதிரி ஊதிவிட்டது. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. "சதை இருக்கு, ராத்திரிக்குக் குழம்பு வச்சிருவோம்" என்று மச்சான் பையைத் திறந்தார். பக்கத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஆத்தா எழுந்து வந்து, பேச்சில்லாமல் தூண்டில் நரம்பை அறுத்து, மீனைக் கடலுக்குள் வீசினார். அப்புறம் மச்சானைப் பார்த்து, "வீட்ல எத்தனை புள்ளைகப்பா?" என்று கேட்டார். பதிலுக்குக்கூட நிற்கவில்லை, திரும்பிப் போய்விட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

தொண்டி வாசி:
ஆத்தா கொஞ்சம் கூடுதலாகவே பயமுறுத்திவிட்டார். பேத்தையைத் தோலுரித்துச் சாப்பிட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். சரி, நம்ம கதை காரங்காடு. வனத்துறைப் படகில் அலையாத்திக் காட்டுக்குள் போனோம். சேற்றில் குத்திட்டு நிற்கும் மூச்சுவேர்களைப் போட்டோ எடுக்கிறேன் என்று அக்கா சொல்லச் சொல்லக் கேட்காமல் இறங்கி, முழங்கால்வரை புதைந்துவிட்டார். படகுக்காரர் துடுப்பை நீட்டி, "இதப் பிடிங்கம்மா, செருப்ப மறந்துருங்க" என்றார். எங்கள் வீட்டில் எது தொலைந்தாலும் இப்போது அதுதான் பேச்சு.

மண்டபம் மருந்துக்கடை:
தொண்டிக்காரரே, நீங்கள் பார்த்தவர்கள் பிழைத்தது அவர்கள் அதிர்ஷ்டம். பேத்தையின் ஈரலிலும் சினையிலும், பல வகைகளில் தோலிலும் டெட்ரோடோடாக்சின் என்ற விஷம் இருக்கிறது. எவ்வளவு கொதித்தாலும் போகாது. முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும், அப்புறம் கைகால், கடைசியில் மூச்சே நின்றுவிடும். முறிமருந்து கிடையாது, விஷம் இறங்கும்வரை செயற்கைச் சுவாசம்தான். ஜப்பானில் இதை அறுக்கிற சமையல்காரருக்குத் தனி உரிமம் வேண்டும். நம்மிடம் இருப்பது அரிவாள்மனை.

என் அனுபவம் சின்னதுதான். அரியமான் கடற்கரையில் மாமாவைத் திருக்கை மீன் வால்முள்ளால் குத்தியது. அந்த அலறலில் சவுக்குத்தோப்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஓடிவந்தார்கள். டீக்கடை வெந்நீரில் காலை வைத்ததும் வலி இறங்கியது. திருக்கை விஷம் சூட்டில் சிதைந்துபோகும், அதனால்தான். தோல் பொறுக்கிற சூட்டில் அரை மணிக்கு மேல் வைக்கணும், வெந்துபோகிற சூடு கூடாது. முள் நெஞ்சிலோ வயிற்றிலோ ஏறியிருந்தால் பிடுங்கவே கூடாது, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. காலில் என்றாலும் முள் துண்டு உள்ளே நிற்கிறதா என்று டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மணல் தரையில் இறங்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள், திருக்கை தானே விலகிவிடும். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

தொண்டி வாசி:
சாப்பிடச் சொல்லவில்லையே ஐயா, பார்த்தேன் என்றுதான் சொன்னேன். உங்கள் மாமா கதை நாலு வரி, பாடம் நாற்பது வரி. அது இருக்கட்டும், கோதண்டராமர் கோயில் பக்கம் பூநாரை வந்துவிட்டதா? ஞாயிற்றுக்கிழமை கிளம்பலாம் என்று இருக்கிறோம்.