அமெரிக்கால காலேஜ் முழுசா ஃப்ரீயாமே, நம்பலாமா?

மல்லி_அக்கா:
தம்பி விருதுநகர்ல எய்டட் ஸ்கூல்ல பதினொன்னாவது படிக்கிறான், மேத்ஸ்ல கெட்டி. அப்பாவுக்கு மளிகைக் கடை. போன வாரம் ஒரு கன்சல்டன்சிக்குப் போனோம், 85,000 ரூபா கட்டுங்க அமெரிக்கால 100% ஸ்காலர்ஷிப் வாங்கித் தர்றது எங்க பொறுப்புங்கிறாங்க. நெசமாவே அப்படி ஒன்னு இருக்கா? அப்பா பாதி நம்பிட்டாரு, அதான் பயமா இருக்கு.

பழைய_பெஞ்ச்:
மொதல்ல அந்தக் காசைக் கட்டாதீங்க. ஸ்காலர்ஷிப்புக்கு எந்த ஏஜென்டும் பொறுப்பேத்துக்க முடியாது, முடிவு காலேஜ் கைல. ஆனா விஷயம் பொய் இல்ல. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட், 2022ல இருந்து டார்ட்மத், இங்கல்லாம் வெளிநாட்டுப் பசங்களுக்கும் வீட்ல காசு இருக்கா இல்லையான்னு பாக்காமதான் சீட் குடுப்பாங்க, குடுத்துட்டா உங்களால எவ்ளோ கட்ட முடியாதோ அவ்ளோவையும் அவங்களே பாத்துக்குவாங்க, ஃபீஸ் ரூம் சாப்பாடு எல்லாம் சேத்து. இது மார்க்குக்குக் குடுக்கற பரிசுன்னு நெனச்சுக்காதீங்க, ஹார்வர்டுல மெரிட் ஸ்காலர்ஷிப்னே ஒன்னு கிடையாது, வீட்டு வருமானத்த வச்சுப் போடற கணக்குதான். அப்பாவுக்கு மளிகைக் கடைங்கறதால அங்க ஒரு நஷ்டமும் இல்ல.

கணக்குப்புலி:
ஆசை காட்டாதீங்க சார். ஹார்வர்டுல நூறு பேர் அப்ளை பண்ணா நாலு பேர் உள்ள போறதே பெருசு, எம்ஐடில வெளிநாட்டுப் பசங்களுக்கு அதவிடக் கம்மி. அந்தக் கூட்டத்துல ஒலிம்பியாட் மெடலோட வர்றவன் இருக்கான், லட்சக்கணக்குல கோச்சுக்குக் குடுத்து எஸ்ஸே எழுதறவன் இருக்கான். இவன் ரெண்டு வருஷம் எஸ்ஏடிங்கற அமெரிக்க அட்மிஷன் பரீட்சை, எஸ்ஸேன்னு அலைஞ்சிட்டு கடைசில இங்கயும் இல்லாம அங்கயும் இல்லாம நின்னா யாரு பதில் சொல்றது? பேசாம ஜேஇஇ படிக்கட்டும், கெடைக்கலன்னா பிளஸ் டூ மார்க்க வச்சே கவுன்சிலிங்ல அண்ணா யுனிவர்சிட்டி இருக்கு. டிகிரி முடிச்சிட்டு பிஹெச்டிக்குப் போனா ட்யூஷன் தள்ளுபடி, மாசாமாசம் ஸ்டைபெண்ட் வேற. நான் போனது அப்படித்தான், எங்க வீட்ல பத்து பைசா செலவில்ல.

தோசைக்கரண்டி:
எதுக்குங்க இவ்ளோ சண்டை, ஜெர்மனில ஃபீஸே இல்லயே, அங்க அனுப்புங்க.

கணக்குப்புலி:
ஃபீஸ் இல்லங்கறது கவர்ன்மென்ட் யுனிவர்சிட்டிலதான், அதுலயும் பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல நம்மள மாதிரி ஆளுங்ககிட்ட செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்கறாங்க. அத விடுங்க, விசாவுக்கு ஒரு வருஷச் செலவு 11,904 யூரோவ ப்ளாக்டு அக்கவுன்ட்ல, அதாவது மாசாமாசம் கொஞ்சமா மட்டும் எடுக்க முடியற பேங்க் கணக்குல, காட்டணும், மளிகைக் கடைல அவ்ளோ ரொக்கம் எங்க இருக்கும்? அதுபோக நம்ம பிளஸ் டூவ மட்டும் வச்சு பெரும்பாலும் நேரா சேர முடியாது, ஜேஇஇ அட்வான்ஸ்டு பாஸ் பண்ணிருக்கணும், இல்லன்னா இங்க ஒரு வருஷம் காலேஜ் போயிருக்கணும், அதுவும் இல்லன்னா அங்க போய் ஸ்டூடியன்கொல்லேக்னு யுனிவர்சிட்டிக்குத் தயார் பண்ற காலேஜ்ல ஒரு வருஷம்.

பழைய_பெஞ்ச்:
ஜெர்மனி விஷயத்துல புலி சொல்றது சரி. பிஹெச்டி விஷயத்துலதான் நான் ஒத்துக்க மாட்டேன். இருபத்திரெண்டு வயசுல கெடைக்கறதும் பதினெட்டுல கெடைக்கறதும் ஒன்னா? அவனுக்கு ஆராய்ச்சி பிடிக்குமான்னே தெரியாது, பிஹெச்டி பிஹெச்டின்னா எப்படி? அப்ளை பண்ணிட்டு ஜேஇஇயும் எழுதட்டும், ஒன்னு இன்னொன்னுக்குத் தடையா என்ன. ஆனா அக்கா ஒன்னு, ஸ்டான்ஃபோர்டு மாதிரி நெறைய காலேஜ்ல எய்ட், அதாவது பண உதவி, வேணும்னு வெளிநாட்டுப் பசங்க கேட்டாலே அட்மிஷன்ல கை இறுகும், அதுக்குப் பயந்து கேக்காம விட்டுட்டு உள்ள போய்க் கேட்டுக்கலாம்னு நெனச்சா சில எடத்துல நாலு வருஷமும் தர மாட்டாங்க.

கணக்குப்புலி:
தடையில்லன்னு ஈசியா சொல்லிட்டீங்க. பன்னெண்டாவது ஜனவரில ஜேஇஇ மெயின், அதே ஜனவரிய ஒட்டித்தான் காலேஜ் டெட்லைனும். உங்க வீட்ல பன்னெண்டாவது பையன் இருந்தா தெரியும்.

சும்மா_ஒருத்தன்:
ரெண்டு பேரும் அமெரிக்காவ விட்டு எறங்க மாட்டீங்களா? மேத்ஸ் நல்லா வரும்னா மெக்ஸ்ட்னு ஜப்பான் கவர்ன்மென்ட் குடுக்கற ஸ்காலர்ஷிப் பாருங்க மல்லிக்கா. எம்பஸி மூலமா அப்ளை பண்ணணும், அப்ளிகேஷனுக்குக் காசு இல்ல, மேத்ஸ் சயின்ஸ் இங்கிலீஷ்னு எழுத்துப் பரீட்சை, அப்புறம் இன்டர்வியூ. நம்ம பசங்களுக்குப் பழகின ரூட்டு. கெடைச்சா டிக்கெட்டு ஃபீஸ் எல்லாம் அவங்க செலவு, மாசம் 117,000 யென், மொத ஒரு வருஷம் ஜப்பானீஸ் கத்துக் குடுத்துட்டுத்தான் காலேஜ். எடுக்கறது என்னவோ ரொம்பக் கம்மி பேர்தான், நானே ஒருவாட்டி எழுதி இன்டர்வியூல கழண்டவன்.

மல்லி_அக்கா:
எல்லாருக்கும் நன்றி. இப்பதான் கன்சல்டன்சில இருந்து போன், இன்னிக்கே கட்டினா 60,000 போதுமாம். அப்பாவே சிரிச்சிட்டாரு. ஒரு டவுட்டு, அப்பா ஐடி ரிட்டர்ன் போட்டதே இல்ல, தாசில்தார் ஆபீஸ் வருமானச் சான்று ஒத்துக்குவாங்களா? அப்புறம் ஸ்கூல்ல வாத்தியார்கிட்ட சிபாரிசு லெட்டர் வாங்கணுமாமே, எங்க மேத்ஸ் சாருக்கு அப்படின்னா என்னன்னே தெரியாது.

பழைய_பெஞ்ச்:
சான்ற இங்கிலீஷ்ல வச்சுக்கோங்க, கூடவே ரிட்டர்ன் போடலங்கறதையும் கடை வருமானம் எவ்ளோங்கறதையும் அப்பா ஒரு தாள்ல எழுதி கையெழுத்துப் போடட்டும். பண உதவி கேக்கறதுக்கு வீட்டு வரவு செலவ எழுதற சிஎஸ்எஸ் ப்ரொஃபைல்னு ஒரு ஃபார்ம் வரும், அதுக்குக் கட்டணம் உண்டு, முடியலன்னா காலேஜுக்கே மெயில் போட்டுக் கேளுங்க, வழி சொல்வாங்க. சார்கிட்ட தம்பி எந்தக் கணக்கை எப்படிப் போட்டான்னு ரெண்டு சம்பவம் சொல்லச் சொல்லுங்க, அதான் லெட்டர். நல்ல பையன் ஒழுக்கமான பையன்னு எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க.

கணக்குப்புலி:
ஜேஇஇ ஃபார்மையும் போட்டு வைங்கக்கா.